ஒத்தை வரி டிரைவர்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டு இருந்த மேட்டர் மக்களே. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் தள்ளித் தள்ளிப் போயிடுச்சு. லினக்ஸ், வைஃபை, டிரைவர்னு கொஞ்சம் டெக்னிக்கலா போகும். ஆனா பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியிற மாதிரிதான் எழுதப் பாத்திருக்கேன். பதிவு நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காந்துடுங்க.

முதல்ல டிரைவர்னா என்னன்னு பாத்துடுவோம். புதுச்சேரியில டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியா இருந்தாரில்லையா, அந்த வேலைதான். கம்ப்யூட்டர்ல இருக்கிற கெர்னல் ஒரு பாஷை பேசும். உள்ள சொருகியிருக்கிற வைஃபை கார்டு வேற பாஷை பேசும். "இந்த ரெஜிஸ்டர்ல இந்த எண்ணை எழுதினா ரேடியோ ஆன் ஆகும், அந்த எண்ணை எழுதினா ஆறாவது சேனலுக்கு மாறும்" அப்படின்னு ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி பாஷை. நடுவுல நின்னு மொழிபெயர்க்கிற ஆள்தான் டிரைவர். நல்ல தமிழ்ல இயக்கின்னு சொல்றாங்க. துபாஷி இல்லைன்னா தங்கத்துலயே செஞ்ச கார்டா இருந்தாலும் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான்.

பிரச்சினை என்னன்னா, அந்தப் பாஷை சிப் செஞ்ச கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும். அவங்க விண்டோஸுக்கு மட்டும் ஒரு துபாஷியை அனுப்பிட்டு, "மத்தவங்களுக்கு அகராதி எல்லாம் தர முடியாது"ன்னு கதவைச் சாத்திடுவாங்க. 2000களில் லினக்ஸ் பயன்படுத்தின ஆளுங்களைக் கேட்டா கதை கதையா சொல்வாங்க. உபுண்டு போட்டாச்சு, சத்தம் வருது, படம் வருது, நெட் மட்டும் வராது. டிரைவரை இறக்கணும்னா நெட் வேணும், நெட் வேணும்னா டிரைவர் வேணும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்ங்கிற கதைதான்.

இனி என் கதை. கோவில்பட்டியில சித்தப்பா பொண்ணு, எனக்குத் தங்கச்சி முறை. குரூப் 4 தேர்வுக்குப் படிச்சுட்டு இருக்கா. மாதிரித் தேர்வு, பழைய வினாத்தாள், வகுப்பு எல்லாம் இப்ப ஆன்லைன்தான். நான் 2014ல பன்னிரண்டாவது முடிச்சப்ப அரசு குடுத்த விலையில்லா மடிக்கணினி ஒண்ணு வீட்ல சும்மா கிடந்துச்சு. அதுல லேசான லினக்ஸ் ஒண்ணைப் போட்டு அவகிட்ட குடுத்தேன். வயசாயிடுச்சு, ஆனா ஓடுது. உள்ள இருந்த வைஃபை கார்டு மட்டும் எப்பவோ உயிரை விட்டிருந்துச்சு.

வீட்ல ஸ்மார்ட்போன் ஒண்ணே ஒண்ணு. சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார். வாடகைக்குக் கூப்பிடுறவங்க அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க, அதனால போன் பகல் பூரா அவரோட ஆட்டோவுல போயிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல போன் வீட்டுக்கு வந்தப்புறம் ஒயர் போட்டு அதுல இருந்து நெட் எடுத்துக்கலாம். பகல்ல மாடி வீட்டு அக்கா வைஃபை பாஸ்வேர்டு குடுத்திருக்காங்க, ஆனா மடிக்கணினியில வைஃபை இல்லை. ஆக, ஒரு வைஃபை கார்டு வேலை செய்யுறதும் செய்யாததும் அவளுக்குப் பகல் பூரா படிக்கிறதா, ராத்திரி ரெண்டு மணி நேரம் படிக்கிறதாங்கிற கேள்வி.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 350 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கினேன். நகம் சைஸ்ல குட்டியா இருக்கும். பெட்டியில பெங்குயின் படம் போட்டு லினக்ஸ் சப்போர்ட்னு எழுதியிருந்துச்சு. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, இந்த மாதிரி டாங்கிள்ல பெட்டி மேல இருக்கிற பேருக்கும் உள்ள இருக்கிற சிப்புக்கும் பெருசா சம்பந்தம் இருக்காது. ஒரே மாடல் பேர்ல இந்த மாசம் ஒரு சிப், அடுத்த மாசம் வேற சிப்னு வித்துட்டே இருப்பாங்க.

சொருகினேன். ஒண்ணும் நடக்கலை. பெங்குயின் படத்துக்கு அர்த்தம் என்னன்னா, கூட வந்த சின்ன சிடியில ஒரு ஜிப் ஃபைல் இருக்கு, அதுல பத்து வருஷத்துக்கு முந்தின கெர்னலுக்கு எழுதின சோர்ஸ் கோட் இருக்கு. இப்ப இருக்கிற கெர்னல்ல அது கம்பைல் கூட ஆகாது. நல்ல மனசுக்காரர் யாரோ அதைப் புதுக் கெர்னலுக்குத் தக்கபடி திருத்தி கிட்ஹப்ல போட்டிருந்தார். அதை எடுத்து ஏத்தினேன், வைஃபை வந்துச்சு. தங்கச்சிக்கு ஒரே குஷி.

மூணே வாரம்தான். கெர்னல் அப்டேட் ஆச்சு, போன் வந்துச்சு. "அண்ணே, நெட் போயிடுச்சுண்ணே."

இது ஏன் இப்படி ஆகுதுன்னா, லினக்ஸ் கெர்னலுக்குள்ள இருக்கிற ஃபங்ஷன்கள் அப்பப்ப மாறிட்டே இருக்கும். வெளியில இருந்து பாக்கிற நமக்கு ஒண்ணும் மாறாது, உள்ளுக்குள்ள மட்டும் சுதந்திரமா மாத்திக்குவாங்க. கெர்னலோட சோர்ஸ் மரத்துக்குள்ளயே இருக்கிற டிரைவரா இருந்தா, மாத்துறவரே டிரைவரையும் சேத்துத் திருத்திடுவார். வெளியில அனாதையா நிக்கிற டிரைவரை யார் திருத்துவாங்க? ஒவ்வொரு தடவையும் யாராவது உக்காந்து ஒட்டுப் போடணும். கோவில்பட்டி வீட்ல அந்த யாராவது யாரும் இல்லை.

அதனால டிரைவர்னா கெர்னலுக்குள்ள இருக்கணும். அது எப்படி உள்ள போகுதுன்னு தேட ஆரம்பிச்சப்பதான் பழைய கதைகள் எல்லாம் கண்ணுல பட்டுச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க.

2000களின் நடுவுல லேப்டாப்கள்ல பிராட்காம் கம்பெனியோட பிசிஎம்43 வரிசை சிப்கள் எக்கச்சக்கமா இருந்துச்சு. லினக்ஸுக்கு டிரைவரும் கிடையாது, விவரமும் கிடையாது. சில பேர் என்டிஐஎஸ்ராப்பர்னு ஒண்ணு வெச்சு ஓட்டினாங்க. விண்டோஸ் எக்ஸ்பிக்கு எழுதின டிரைவரையே லினக்ஸ் கெர்னலுக்குள்ள ஏத்தி, "நீ விண்டோஸ்லதான் இருக்கே ராசா"ன்னு அதை நம்ப வைக்கிற வித்தை. வேலை செய்யும். ஆனா பிரச்சினை வந்தா உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது.

இன்னொரு கூட்டம் கஷ்டமான வழியில போச்சு. 2002 கடைசியில வந்த லிங்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அது உள்ள லினக்ஸ் ஓடுதுன்னு 2003ல தெரிய வந்து, ஜிபிஎல் உரிமத்தின்படி சோர்ஸ் கோடை வெளியிட வேண்டியதாப் போச்சு. வைஃபை பகுதி மட்டும் பைனரியாத்தான் வந்துச்சு. அந்த பைனரியைத்தான் இவங்க பிரிச்சு மேய்ஞ்சாங்க. இதுலதான் விஷயமே இருக்கு. ரெண்டு குழுவாப் பிரிஞ்சாங்க. முதல் குழு பைனரியைப் படிச்சு, "இந்தச் சிப்பை எழுப்பணும்னா இன்ன ரெஜிஸ்டர்ல இன்னதை எழுது"ன்னு சாதாரண இங்கிலீஷ்ல விவரக் குறிப்பு மட்டும் எழுதினாங்க. ரெண்டாவது குழு பைனரி பக்கமே தலை வெச்சுப் படுக்காம, அந்தக் குறிப்பை மட்டும் படிச்சு டிரைவர் எழுதினாங்க. கோடை யாரும் காப்பியடிக்கலைன்னு கோர்ட்ல நின்னு சொல்லலாம் பாருங்க, அதுக்காக. கிளீன் ரூம் முறைன்னு பேர். 1984ல ஃபீனிக்ஸ் கம்பெனி ஐபிஎம் பிசியோட பயாஸுக்கு மாற்று கொண்டு வந்தது இந்த வழியிலதான்.

அப்படி வந்த டிரைவர் 2006 ஜூன்ல 2.6.17 கெர்னல்ல சேந்துச்சு. 2008 ஜனவரியில வந்த 2.6.24ல பி43ங்கிற பேர்ல புதுப்பிச்சு வந்துச்சு. அப்பவும் சிப்புக்குள்ள ஓடுற ஃபர்ம்வேர் கம்பெனியோட சொத்து, யாரும் பகிரக் கூடாது. அதனால கம்பெனி வெளியிட்ட டிரைவர் ஃபைல்ல இருந்து ஃபர்ம்வேரை அவங்கவங்களே வெட்டி எடுத்துக்க ஒரு கத்தரிக்கோல் நிரலியும் சேத்துக் குடுத்தாங்க. என்ன பாடு பாருங்க!

அதே காலத்துல ஏதெராஸ் சிப்புக்கு வேற கதை. டிரைவர்ல பாதி திறந்திருக்கும், ஹால்னு சொல்ற நடுப்பகுதி மட்டும் மூடின பைனரி. ஓபன்பிஎஸ்டி ஆளுங்க அதுக்கு மாற்றா சொந்தமா எழுதினாங்க. அதை அடிப்படையா வெச்சு லினக்ஸ்ல ஏடிஎச்5கே வந்துச்சு. 2008ல ஏதெராஸே மனசு மாறி, புது சிப்களுக்கு ஏடிஎச்9கேங்கிற முழுத் திறமூல டிரைவரை வெளியிட்டுச்சு. அந்த வருஷம் அக்டோபர்ல வந்த 2.6.27 கெர்னல்ல அது சேந்துடுச்சு. 2010 செப்டம்பர்ல பிராட்காமும் தன்னோட சில புது சிப்களுக்கு டிரைவரைத் திறந்து விட்டுச்சு.

சரி, முதல்லயே குடுத்திருந்தா என்ன குறைஞ்சுடும்? கம்பெனிகள் சொன்ன முக்கியமான காரணம் ரேடியோ சட்டம். வைஃபை கார்டு ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி. எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தின்னு தீர்மானிக்கிறது மென்பொருள்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அமெரிக்காவுல 11 சேனல், நம்ம ஊர் உட்பட பல நாடுகள்ல 13, பதினாலாவது ஜப்பானுக்கு மட்டும். சோர்ஸைக் குடுத்தா எவனாவது மாத்தி எழுதி வேற அலைவரிசையில புகுந்துடுவான், அப்புறம் அதிகாரிங்க எங்களைத்தான் பிடிப்பாங்கன்னு பயம். பயம் நியாயம்தான், ஆனா தீர்வு இல்லாத பயம் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் என்ன விதின்னு ஒரு திறந்த அட்டவணையையே லினக்ஸ் ஆளுங்க தனியா பராமரிக்கிறாங்க, கெர்னல் அதை மதிச்சு நடக்குது. இன்டெல் மாதிரி கம்பெனிகள் விதியை ஃபர்ம்வேருக்குள்ள வெச்சுட்டு டிரைவரைத் திறந்து விட்டாங்க. 2007 ஜனவரியில கிரெக் குரோவா-ஹார்ட்மன் "விவரத்தை மட்டும் குடுங்க, டிரைவரை நாங்க இலவசமாவே எழுதித் தர்றோம்"ங்கிற ரீதியில கம்பெனிகளுக்கு அழைப்பே விட்டார். வேணும்னா ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடவும் ஆள் தயாரா இருந்தாங்க.

கொசுவத்தி அணைஞ்சாச்சு. டாங்கிளுக்கு வருவோம்.

ரெண்டாவது தடவையும் அப்டேட்ல நெட் போனப்ப ஊருக்குப் போயிருந்தேன். டாங்கிளோட பிளாஸ்டிக் மூடியை ஸ்க்ரூ டிரைவரால நெம்பித் திறந்தேன். உள்ள தலைகாணி ஊசி முனை சைஸ் எழுத்துல சிப் நம்பர். போன் கேமராவுல பெருசு பண்ணிப் பாத்து, அந்த நம்பரைக் கெர்னல் சோர்ஸ்ல தேடினேன். பாத்தா, அந்தச் சிப்புக்குத் திறமூல டிரைவர் ஏற்கனவே கெர்னலுக்குள்ளயே இருக்கு! அப்புறம் ஏன் வேலை செய்யலை?

காரணம் ரொம்பச் சின்னது. எந்த யூஎஸ்பி சாதனமும் சொருகின உடனே ரெண்டு எண் சொல்லும். ஒண்ணு தயாரிப்பாளர் எண், இன்னொண்ணு பொருள் எண். ரெண்டும் நாலு இலக்க ஹெக்ஸ் எண். ஒவ்வொரு டிரைவர்லயும் "இன்னின்ன எண் வந்தா அது என் ஆளு"ன்னு ஒரு பட்டியல் இருக்கும். ரேஷன் கார்டு லிஸ்ட் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அரிசி இருக்கு, கடை திறந்திருக்கு, ஆளும் வரிசையில நிக்கிறார், லிஸ்ட்ல பேர் இல்லை. இந்த டாங்கிளை வித்தவங்க சிப்பை வாங்கி, தங்களோட எண்ணை அதுல எழுதி வித்துட்டாங்க. அந்த எண்ணை யாரும் லிஸ்ட்ல சேக்கலை. அவ்வளவுதான்.

லினக்ஸ்ல இதுக்கு ஒரு தற்காலிக வழி உண்டு. சிஸ் ஃபைல் அமைப்புல அந்த டிரைவரோட அடைவுக்குள்ள நியூ ஐடின்னு ஒரு ஃபைல் இருக்கும். அதுல ரெண்டு எண்ணையும் எழுதினா, டிரைவர் அப்பவே "சரி, இவரும் நம்மாளு"ன்னு ஏத்துக்கும். எழுதினேன். டாங்கிள்ல பச்சை லைட் மினுக்குச்சு. மாடி வீட்டு வைஃபை பேர் லிஸ்ட்ல வந்துச்சு. ஒவ்வொரு தடவை சொருகும்போதும் தானா நடக்க ஒரு யூடெவ் விதி எழுதி வெச்சேன். தங்கச்சி பிரச்சினை அன்னைக்கே முடிஞ்சுது.

இங்கயே நிறுத்தியிருக்கலாம். ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கேட்டார், "350 ரூவா டாங்கிள்டா. தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்கினா அஞ்சு நிமிஷ வேலை. நீ ஒரு மணி நேரத்துக்கு வாங்குற சம்பளம் என்ன?" கணக்குப்படி அவர் சொல்றது சரி. ஆனா அந்தக் கணக்கு எனக்கு மட்டும்தான் பொருந்தும். இதே பெட்டியை வாங்கிட்டுப் போய் எங்கயோ ஒரு வீட்ல சொருகிப் பாத்து, வேலை செய்யலைன்னதும் "இந்தப் பழைய பொட்டி லாயக்கில்லை"ன்னு மூட்டை கட்டி வைக்கிறவங்களுக்கு அண்ணன் ஒருத்தன் சாஃப்ட்வேர்ல இருக்கணும்னு அவசியம் இல்லையே. லிஸ்ட்ல ஒரு வரி சேந்தா அவங்க எல்லாருக்கும் சொருகின உடனே வேலை செய்யும். அப்படி ஒரு வரி விடுபட்டுப் போச்சுன்னே அவங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

சரி, அனுப்பிடுவோம்னு உக்காந்தேன். கெர்னலுக்கு ஒரு வரி அனுப்புறதுக்கும் முறை இருக்கு. மாத்தின வரியை கிட்ல பதியணும். என்ன மாத்தினேன், ஏன் மாத்தினேன், எந்தச் சிப், எப்படிச் சோதிச்சேன்னு தெளிவா எழுதணும். எழுத்து நடை ஒழுங்கான்னு பாக்க ஒரு ஸ்கிரிப்ட், யாருக்கு அனுப்பணும்னு சொல்ல இன்னொரு ஸ்கிரிப்ட், ரெண்டுமே கெர்னலோடயே வருது. அப்புறம் வெறும் எழுத்தா ஒரு மின்னஞ்சல். அலங்காரம், இணைப்பு எதுவும் கூடாது.

கடைசியா ஒரு கையொப்ப வரி. "இந்தக் கோடைக் குடுக்க எனக்கு உரிமை இருக்கு"ன்னு நாமளே உறுதி சொல்றது. லினக்ஸ்ல யாரோட கோடோ கலந்திருக்குன்னு 2003ல எஸ்சிஓ கம்பெனி கேஸ் போட்டப்புறம், 2004ல கொண்டு வந்த வழக்கம். அனானிக்கெல்லாம் அங்க இடம் கிடையாது. இங்க புனைபெயர்ல திரியிற நான், அங்க அப்பா வெச்ச பேர்ல கையெழுத்துப் போட்டேன்.

பராமரிக்கிறவர்கிட்ட இருந்து ரெண்டு நாள்ல பதில். மரியாதையா, சுருக்கமா ரெண்டே கேள்வி. கம்ப்யூட்டரைத் தூங்க வெச்சு எழுப்பினா டாங்கிள் திரும்ப வேலை செய்யுதா? நாள் கணக்கா ஓட்டிப் பாத்தீங்களா? முதல் கேள்விக்கு நானே சோதிச்சு எழுதிட்டேன். ரெண்டாவதுக்குச் சரியான ஆள் தங்கச்சிதான். தினமும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓட்டுறவ அவ. போன் பண்ணிக் கேட்டேன். "ஒரு தடவை கூட கட் ஆகலைண்ணே. கரண்டு போனாத்தான் நெட் போகுது"ன்னா.

கெர்னல்ல சோதிச்சவர் பேரையும் தனி வரியில போடுற வழக்கம் உண்டு. அவங்க சம்மதிச்சாத்தான் போடலாம். "உன் பேரையும் மின்னஞ்சலையும் போடவா, உலகத்துல யார் வேணா பாக்கலாம், அழிக்க முடியாது"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. "குரூப் 4ல இதுக்கு ஏதாவது மார்க் உண்டாண்ணே?"ன்னா. இல்லைன்னேன். "பரவால்ல, போடு"ன்னுட்டா.

ஏத்துக்கிட்டாங்க. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு தடவை புதுக் கெர்னல் வரும், அதுல சேந்துச்சு. புது எண் சேக்கிற மாதிரி சின்ன மாற்றங்களைப் பழைய நிலையான கெர்னல்களுக்கும் எடுத்துக்குவாங்க, அதுலயும் போச்சு. அப்படியே அப்டேட்ல தங்கச்சி மடிக்கணினிக்கும் தானா வந்து சேந்துச்சு. நான் எழுதி வெச்ச யூடெவ் விதியை அழிச்சுட்டேன்.

உங்களுக்கு உபயோகமா நாலு விஷயம் சொல்லிடுறேன். வைஃபை டாங்கிள் வாங்கும்போது பெட்டியில இருக்கிற பெங்குயினை நம்பாதீங்க, சிப் நம்பர் என்னன்னு தேடிப் பாத்துட்டு வாங்குங்க. டிரைவர் கெர்னலுக்குள்ளயே இருக்கா, வெளியில அனாதையா இருக்கான்னு பாருங்க. டிரைவர் திறந்திருந்தாலும் ஃபர்ம்வேர் பெரும்பாலும் மூடினதுதான், அது தனியா வேணும். டெபியன் ஆளுங்க கூட 2022ல ஓட்டெடுப்பு நடத்தி, 2023ல வந்த டெபியன் 12ல இருந்து அதை நிறுவும் வட்டுலயே சேத்துக் குடுக்கிறாங்க. அப்புறம், வேலை செய்யாத சாதனம் கையில இருந்தா தூக்கி எறியுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு எண்ணை ஒரு தடவை லிஸ்ட்ல தேடிப் பாருங்க. உங்க பங்குக்கும் ஒரு வரி அங்க காத்துட்டு இருக்கலாம்.

பி.கு.: தங்கச்சி பேர் கெர்னல் வரலாற்றுல இருக்குன்னு சித்தப்பாகிட்ட சொன்னேன். "அது எந்தப் பேப்பர்ல வருது, ஒண்ணு வாங்கிட்டு வா"ன்னார். :-)